கதவு போன வீட்டில் மாவு கிடைக்கும்

எங்க வீட்டுக் கதவு வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாக்கிழமை, விடிஞ்சும் விடியாம அஞ்சே முக்கா மணிக்கு. அன்னைக்கு மொத ஆளா வந்து தட்டுனது பியூட்டி பார்லர் பிரேமலதாக்கா. ரெண்டு தட்டு தட்டியாச்சு, மூணாவது தட்டுக்குக் கையை ஓங்கியாச்சு, அந்த நேரம் பாத்து கதவு கீலுலருந்து தன்னைத்தானே உருவிக்கிட்டு, படியிறங்கி, பீரோவை நகத்துறப்ப ஒரு மூலை மாத்தி ஒரு மூலை ஊனி நகத்துவோம்ல, அதே மாதிரி டொக்கு டொக்குன்னு தெருவுல நடக்க ஆரம்பிச்சிருச்சு. ஓங்குன கையை என்ன பண்றதுன்னு தெரியாம அக்கா அதாலயே தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, உள்ள நின்ன எங்கம்மாட்ட, "தமயந்திக்கா, உங்க கதவு போகுது. போறது போகட்டும், எனக்கு அரைக் கிலோ புளிக்காத மாவு போட்டுட்டு அப்புறமா தேடுங்க"ன்னுச்சு.

கம்மாக்கரை மூணாவது தெருவுல யாரும் வாயப் பொளக்கல. பால்காரரு சைக்கிளை ஒதுக்கி வழி விட்டாரு, வாசத் தெளிச்சுக்கிட்டிருந்தவுக கோலத்தை மிதிச்சுராம போகச் சொன்னாக, பேப்பர் போடுற அண்ணன் "என்ன, இம்புட்டுக் காலைல?"ன்னு விசாரிச்சாரு. கதவு பதில் சொல்லல. இடது ஓரமா, ஒழுங்கா, போலீஸ்காரன் கூடக் குறை சொல்ல முடியாதபடி நடந்து, முக்குல திரும்பிப் போயிருச்சு. அம்மா அதைப் பாத்துச்சு, ஒரு தடவை மூச்சு விட்டுச்சு, தராசை எடுத்து அரைக் கிலோ போட்டுச்சு.

கதவு மேல எனக்குக் கோவமே இல்ல. நாலு வருசம் அது வாங்குன அடிக்கு வேற எவனா இருந்தாலும் மொத மாசமே கிளம்பிருப்பான்.

வீட்டுலயே மாவு அரைச்சு விக்கலாம்ங்கிற யோசனையைச் சொன்னதே நான்தான். காலேஜுக்கு ரெண்டாவது வருசத்தோட கும்பிடு போட்டுட்டு வந்து, வீட்டுல எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச நேரம் அது. "அம்மா, கடை வாடகை கிடையாது, பஸ் கூட்டம் கிடையாது, முதலாளி கிடையாது, வீட்டுல இருந்தபடியே ராணி மாதிரி தொழில் பண்ணலாம்"னு சொன்னேன். அம்மாவும் நம்பி, ரெண்டு கிரைண்டர் வாங்கிப் போட்டு, 'இங்கு இட்லி தோசை மாவு கிடைக்கும், காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலிலிருந்து எட்டு'ன்னு போர்டு எழுதி மாட்டுச்சு. ராணிக்கு இப்ப இடுப்பு வலி, முட்டி வலி, ரெண்டு உள்ளங்கையும் உளுந்து மாதிரி ஊறிப் போயிருச்சு.

அந்த போர்டுல நேரம் போட்ட வரியை மட்டும் தெருவுல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியல. மாவு கிடைக்கும்ங்கிறது தெரியுது, கிடைக்காத நேரம் தெரியல. கேட்டா எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவாக: "வீட்டுலதான இருக்கீக." காய்ச்சல்ல போர்வைக்குள்ள கெடந்தாலும் வீட்டுலதான இருக்கீக, குளிச்சுக்கிட்டிருந்தாலும் வீட்டுலதான இருக்கீக, பொங்க அன்னைக்குப் பானை பொங்குற நிமிசத்துல குலவை போட வாயத் தொறந்தாலும் வீட்டுலதான இருக்கீக. பெரியப்பா செத்துப் போயி நடுவீட்டுல படுக்கப் போட்டிருந்தப்ப ஒருத்தரு மாலையோட வந்தாரு, மாலையைப் போட்டாரு, கும்பிட்டாரு, நிமிந்து அம்மாவைப் பாத்து, சத்தமில்லாம, உள்ளங்கையைப் பாதியா அறுக்குற மாதிரி காட்டி அரைக் கிலோன்னு கேட்டாரு. அம்மாவும் அழுகையைப் பாதியில நிறுத்தி வச்சுட்டு, போட்டுக் குடுத்துட்டு வந்து, விட்ட இடத்துலருந்து அழுதுச்சு.

எல்லாத்தையும் அம்மா பொறுத்துக்கும். பொறுக்க முடியாதது சோறு.

எங்கம்மாவுக்கு ஒரு பழக்கம். சாப்பிட உக்காந்து கை கழுவிட்டா அந்த வேளை சாப்பாடு முடிஞ்சுச்சு. மறுபடி அதே தட்டுல கை வைக்காது, செத்தாலும் வைக்காது. மாவு போடணும்னா எச்சிக் கையோட போட முடியுமா? கழுவணும். கழுவுனா முடிஞ்சுச்சு. மொதல்ல சாம்பாரு, அப்புறம் ரசம், கடைசியா மோருன்னு ஒரு வரிசை இருக்குல்ல, இந்த நாலு வருசத்துல அம்மா சாம்பாரைத் தாண்டி ரசத்துக்கு வந்தது பத்து நாள் இருக்கும், மோருக்கு வந்ததே இல்ல. தினம் தயிர் உறை ஊத்தும், தினம் மோரு கடையும், தினம் அதுல இஞ்சியும் கருவேப்பிலையும் கிள்ளிப் போடும், கடைசியில தட்டோட கொண்டு போயி நாய்க்கு வைக்கும். அம்மா இளைச்சுக்கிட்டே போச்சு, நாய் பெருத்துக்கிட்டே போச்சு. அதுக்கு மேனேஜர்னு பேரு வச்சதும் நான்தான், ஏன்னா எங்க தொழில்ல வேலை பாக்காம உடம்பு ஏறுனது அது ஒண்ணுதான்.

"ஒரே ஒரு நாளுடி நாகஜோதி, தட்டுல மோருச் சோறு வரைக்கும் தின்னுட்டு, நானா எந்திரிச்சுக் கை கழுவணும்" அப்படின்னு அம்மா சொல்லும். நான் "அதுக்கென்னம்மா, மேனேஜர்ட்ட லீவு எழுதிக் குடு"ம்பேன். அது சிரிக்கும். சிரிக்கும்போதே வாசல்ல தட்டுவாக, நானும் இருந்த இடத்துலருந்து அசையாம, செல்லைப் பாத்துக்கிட்டே, "அம்மா, ஆளு வந்துருக்கு"ம்பேன்.

கதவு போனதுக்கப்புறம் தட்டுற வேலை மிச்சம்னு தெரு சந்தோசப்பட்டுச்சு. நேரா உள்ள வந்தாக. வந்தவுக மாவைத் தாங்களே எடுத்துக்கிட்டாக, எடுத்த கையோட ஃபிரிட்ஜைத் தொறந்து தண்ணி குடிச்சாக, குடிச்ச கையோட கொழம்புச் சட்டியத் தொறந்து "உப்பு கம்மி"ன்னாக. சோசியரு வைரமணி மாமா அவரு வீட்டுல ஜாதகம் பாக்க வந்த கூட்டம் தாங்காம, மிச்ச ஆறு பேரை எங்க கட்டில்ல உக்கார வச்சுட்டுப் போனாரு. அம்மா தட்டை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனா அங்க ரெண்டு பேரு, கொல்லைக்குப் போனா அங்க மூணு பேரு.

எங்கப்பா பஸ் கண்டக்டரு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவாரு. வந்தவரு கதவில்லாத வாச நிலையைப் பாத்தாரு, உள்ள இருந்த கூட்டத்தைப் பாத்தாரு, பழக்க தோசத்துல "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத"ன்னுட்டு, அவருக்கே உக்கார இடமில்லாம நின்னுக்கிட்டே காப்பி குடிச்சாரு. அடுத்த தடவை வரும்போது ஆசாரியக் கூட்டியாந்து புதுக் கதவு மாட்டுனாரு. புதுக் கதவு மத்தியானம் மாட்டுனது, சாயங்காலம் நாலு மணிக் கூட்டத்தைப் பாத்துச்சு, அஞ்சு மணிக்கு அதுவும் கிளம்பி, பழைய கதவு போன வழியையே விசாரிச்சுக்கிட்டுப் போயிருச்சு. துணி கட்டித் தொங்க விட்டோம். வந்தவுக அதுல கை தொடச்சாக.

கரெண்டு மீட்டர் பாக்குறவரு வந்தாரு. நிலையில விரலால தடவிப் பாத்து, அட்டையில எழுதுனாரு. "வீடுன்னா கதவு இருக்கணும்மா. கதவில்லாதது கடை. இனிமே கடை ரேட்டு."

"கடைக்காவது ஷட்டர் இருக்கும் சார், ராத்திரி இழுத்து மூடிட்டு வீட்டுக்குப் போவாய்ங்க. நாங்க எங்க சார் போறது?"ன்னேன்.

"வீட்டுலதானம்மா இருக்கீங்க"ன்னுட்டு, அரைக் கிலோ வாங்கிட்டுப் போனாரு.

பத்து நாள் கழிச்சுத்தான் சேதி வந்துச்சு, பழைய கதவு எங்கயும் போகல, கம்மாக்கரை மேல நிக்குதுன்னு. போய்ப் பாத்தேன். கருவேல மரத்துக்குப் பக்கத்துல, சுவரும் இல்லாம நிலையும் இல்லாம, பச்சைப் பெயிண்ட்டும் அம்மா வச்ச மஞ்சப் பொட்டும் அப்படியே இருக்க, சும்மா நேரா நின்னுச்சு. சாத்திருந்துச்சு. சுத்தி வந்து பாத்தா பின்னாடி கரை இருக்கு, தண்ணி இருக்கு, கொக்கு இருக்கு. ஆனா அதைத் தொறந்து அந்தப் பக்கம் போயி உள்தாப்பா போட்டுக்கிட்டா, போன ஆளை வெளிய யாருக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடிச்சது டியூசன் ஞானசெல்வி டீச்சரு. டீச்சரு வீட்டு ஹால்ல இருபத்தேழு பிள்ளைக, வீட்டுக்காரரு சமையக்கட்டுல கரும்பலகைக்குப் பின்னாடி குடியிருக்காரு. டீச்சரு ஒரு நாள் வாக்கிங் போற மாதிரி போயி, கதவைத் தொறந்து உள்ள போயி சாத்திக்கிட்டாக. இருபத்தேழு பிள்ளைகளும் தேடி வந்து கதவை மூணு சுத்து சுத்திட்டு, டீச்சரு இல்லன்னு சந்தோசமா போயிருச்சுக. முக்கா மணி நேரம் கழிச்சு வெளிய வந்த டீச்சரு மொகம் கழுவி வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு.

"உள்ள என்னா இருக்கு டீச்சர்?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லடி. வெறுந்தரை. காத்து வருது. யாரும் கூப்பிடல"ன்னு சொல்லிட்டு டீச்சரு அழுதுட்டாக.

அவ்வளவுதான், எங்க தெருவுக்கு அது போதும். எங்க தெருவுல வீட்டுலயே தொழில் பண்ணாத வீடு கிடையாது. ஜாக்கெட் தைக்கிற சைத்தூன் அக்கா வீட்டுல தரையில உக்காந்தா ஊசி குத்தும், பிரேமலதாக்கா வீட்டுல தோசைக்கல்லுல புருவ முடி கிடக்கும், சோசியர் மாமா வீட்டுல சனியும் ராகுவும் சம்சாரமும் ஒரே ரூம்பு. எல்லாரும் மறுநாளே கரையில வரிசை கட்டிட்டாக. வரிசைன்னா சண்டை, சண்டைன்னா கமிட்டி, கமிட்டின்னா தலைவரு; சோசியர் மாமாதான் தலைவரு, ஏன்னா டோக்கன் சீட்டு அவருட்டத்தான் ஏற்கெனவே இருந்துச்சு. ஆளுக்கு முக்கா மணி நேரம். கரையில டீக்கடை வந்துச்சு, சுண்டல் வந்துச்சு, செருப்பு பாத்துக்க ஒரு ஆளு வந்துச்சு. தனியா இருக்க வந்த கூட்டம் தேரோட்டம் மாதிரி நெருக்கியடிச்சு நின்னுச்சு.

எங்கம்மாவுக்குக் குடுத்த டோக்கன் நாப்பத்தொண்ணு.

"மாமா, கதவு எங்களுது. நாங்க நாப்பத்தொண்ணாவதா?"ன்னு நான் எகிறுனேன்.

"உங்க வீட்டுல இருந்தப்ப அது உங்க கதவு. கரைக்கு வந்துருச்சு, பொதுக் கதவு. உங்க மாவு எங்க வீட்டுக்கு வந்தா எங்க இட்லி இல்லையா?"

"அப்ப உங்க இட்லிய எங்க வீட்டுக்கு அனுப்புங்க, பொது இட்லி"ன்னேன்.

"நாகஜோதி, உனக்கு வாய்ல ராகு நிக்கிறான்."

"நிக்கட்டும் மாமா, உங்க வீட்டுல அவனுக்கு இடமில்லையாம்ல."

கூட்டம் சிரிச்சுச்சு. சிரிச்சதுல டோக்கன் நம்பரு ஒண்ணும் கொறையல. எனக்கு எப்பவும் அப்படித்தான், கூட்டம் சிரிச்சா நான் ஜெயிச்சேன்னு வீட்டுக்கு வந்துருவேன், அம்மா நாப்பத்தொண்ணுலயே நிக்கும்.

ஒருவழியா அந்த நாளும் வந்துச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு முறை. அம்மா காலைலயே தலைக்குக் குளிச்சு, முருங்கக்கா சாம்பாரு வச்சு, மெளகு ரசம் வச்சு, பெருங்காயம் போட்ட மோரு ஒரு தூக்குல ஊத்தி, கல்யாணத்துக்குப் போற மாதிரி சேலை கட்டிக்கிட்டு, மூணடுக்கு டிபன் கேரியரோட கரைக்குப் போச்சு. போறப்ப என்கிட்ட, "முக்கா மணி நேரம் பாத்துக்கடி"ன்னுச்சு. "நீ மோரு குடிச்சு ஏப்பம் விடுறது இங்க கேக்கணும்"னு அனுப்பி வச்சேன்.

வரிசையில நின்னவுக வழி விட்டாக. அம்மா உள்ள போயி, தாப்பாப் போட்டுக்கிச்சு.

இங்கிட்டு வீட்டுல ஒண்ணரை மணிக்கு சைத்தூன் அக்கா வந்துச்சு. "ஏ நாகு, தோசைக்கு நேத்து மாவுதான் வேணும். எது நேத்து மாவு?"

பாத்தேன். அடுப்படியில வரிசையா ஆறு தூக்கு. ஆறும் ஒண்ணு போலவே மூடி இருக்கு. நாலு வருசமா அந்த அடுப்படியில புழங்குறேன், எது நேத்துது எது இன்னைக்குதுன்னு எனக்குத் தெரியல. மோந்து பாத்திருக்கலாம், விரலை விட்டு நக்கிப் பாத்திருக்கலாம், அக்காட்டயே "பொறுங்க, அம்மா வந்துரும்"னு சொல்லிருக்கலாம். இது எதுவும் எனக்குத் தோணல. எனக்குத் தோணுனது ஒண்ணே ஒண்ணுதான், நாலு வருசமா தோணுனது. ஓடுனேன். கரையேறி, வரிசையைப் பொளந்துக்கிட்டுப் போயி, சோசியர் மாமா கையப் புடிக்கிறதுக்குள்ள, கதவுல ரெண்டு தட்டு தட்டிட்டேன்.

"அம்மா, ஆளு வந்துருக்கு!"

கதவு ஒரு பெருமூச்சு விட்டுச்சு. கரையில இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. தாப்பா தானா விழுந்துச்சு, கதவு தன்னைத் தூக்கிக்கிட்டு ஒரு மூலை மாத்தி ஒரு மூலை ஊனி கரையிறங்கி, தண்ணியில மல்லாக்கப் படுத்து, கொக்கெல்லாம் ஒதுங்கி வழி விட, மெதந்துக்கிட்டே அக்கரைக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் அது நாலுவழிச் சாலையில லாரிக்குக் கை காட்டி நின்னதா ஒருத்தரு சொன்னாரு. கதவுக்கு ஏது கைன்னு யாரும் கேக்கல.

கதவு நின்ன இடத்துல, அத்தனை பேரு பாக்க, வெட்டவெளியில எங்கம்மா சம்மணம் போட்டு உக்காந்திருந்துச்சு. ரசம் முடிஞ்சிருந்துச்சு. மோருத் தூக்கைத் தொறந்து, சோத்துல பாதி ஊத்தி, மொத வாய் பெசைஞ்சு கையில எடுத்திருந்துச்சு. அந்தக் கை அப்படியே நின்னுச்சு.

"எது நேத்து மாவும்மா?"ன்னேன். கேட்டுருக்கக் கூடாது. வந்த விசயம் அதுதான, வாய் கேட்டுருச்சு.

அம்மா என்னைத் திட்டியிருந்தா நல்லாருக்கும். கையிலருந்த உருண்டையத் தட்டுல வச்சுச்சு. எந்திரிச்சு, கம்மாத் தண்ணியில கையைக் கழுவுச்சு. முந்தானையில தொடச்சுக்கிட்டே, "மூணாவது தூக்குடி"ன்னுச்சு.

கரை முழுக்க என்னை வஞ்சாக. நாப்பத்தொண்ணுக்கு மேல டோக்கன் வச்சிருந்தவுக எல்லாரும் வரிசையா வந்து தனித்தனியா வஞ்சாக, அதுக்கும் சோசியர் மாமாதான் நம்பர் சொன்னாரு. மேனேஜர் கேரியர்கிட்ட வந்து, மோருச் சோத்தைத் தின்னு, என்னைப் பாத்து வாலாட்டுச்சு.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு அம்மா வழக்கம்போல தட்டைப் போட்டுச்சு. உக்காரும்போதே வாசலைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்துச்சு. தெருவுல பிரேமலதாக்கா வர்றது தெரிஞ்சுச்சு, பின்னாடியே சைத்தூன் அக்கா, அதுக்குப் பின்னாடி சோசியரு. நான் செல்லைக் கீழ வச்சேன். எந்திரிச்சுப் போயி, நிலைக்கு நடுவுல நின்னு, ரெண்டு கையையும் விரிச்சு இந்தப் பக்கக் கட்டையையும் அந்தப் பக்கக் கட்டையையும் புடிச்சுக்கிட்டேன்.

"தள்ளுடி, அரைக் கிலோ"ன்னுச்சு பிரேமலதாக்கா.

நான் பேசல.

"ஏ, வாயாடி, ஒன்னத்தான்."

பேசல. கதவா நிக்கணும்னா வாய மூடிக்கிட்டு நிக்கணும்ல. ராகு, சனி, தோசைக்கல்லு, புருவ முடின்னு ஏழெட்டு பதிலு வரிசையா தொண்டைக்குள்ள டோக்கன் வாங்கிக்கிட்டு நின்னுச்சு, ஒண்ணையும் வெளிய விடல. சைத்தூன் அக்கா என் நெத்தியில ரெண்டு தட்டு தட்டிப் பாத்துச்சு. "இது தேக்கு இல்லடி, வேப்ப மரம்"ன்னுச்சு. சோசியர் மாமா தோள்ல தட்டுனாரு, வயித்துல தட்டுனாரு, "வீட்டுலதான இருக்கீக, வீட்டுலதான இருக்கீக"ன்னு என் காதுக்குள்ள கத்திப் பாத்தாரு. தெருவே கூடிருச்சு. கொஞ்ச நேரம் தட்டுனாக, கொஞ்ச நேரம் கேலி பண்ணுனாக, அப்புறம் கதவு சாத்திருந்தா என்ன பண்ணுவாகளோ அதைப் பண்ணுனாக. வெளிய உக்காந்து ஊர்க்கதை பேச ஆரம்பிச்சாக. மீட்டர் பாக்குறவரு அந்த வழியா வந்தவரு என்னை மேலயும் கீழயும் பாத்து, என் முழங்கையை ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டு, அட்டையில 'கடை'யை அடிச்சு, 'வீடு'ன்னு எழுதிட்டுப் போனாரு.

எனக்கு முதுகுல கண்ணு இல்ல, காதாலதான் பாத்தேன். சாம்பாரு ஊத்துற சத்தம். அப்பளம் நொறுங்குற சத்தம். ரசத்தைக் கரண்டியில கலக்குற சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல, அம்மா எந்திரிச்சுருச்சோன்னு கட்டையை இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் தூக்கு மூடி தொறக்குற சத்தம், மோரு விழுகுற சத்தம், உள்ளங்கைக் குழியிலருந்து சர்ருனு உறிஞ்சுற சத்தம், ஒரு தடவை, இன்னொரு தடவை, தட்டை வழிச்சு நக்குற சத்தம். கடைசியா ஒரு ஏப்பம். தெரு முக்கு வரைக்கும் கேட்டுச்சு.

தண்ணி விழுகுற சத்தம் கேட்டுச்சு. "கை கழுவிட்டேன்டி"ன்னுச்சு அம்மா. "தொற."

கையை எடுக்கப் பாத்தேன், வரல. மெதுவா இழுத்தேன், வலது தோள்பட்டை 'கிரீச்'னுச்சு, முழங்கையில பச்சைப் பெயிண்ட்டு ஒட்டிருந்துச்சு. மேனேஜர் உள்ள ஓடிப் போயி காலித் தட்டை மோந்து பாத்துட்டு வந்து, வேலையை விட்டுத் தூக்குன ஆளு மாதிரி என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

அன்னையிலருந்து தினம் மத்தியானம் ஒண்ணுலருந்து ஒண்ணே முக்கா வரைக்கும் நான்தான் எங்க வீட்டுக் கதவு. மத்த நேரமெல்லாம் முன்ன மாதிரியே பேசிக்கிட்டுத்தான் திரியிறேன். அம்மா சாப்பிட்டு முடிச்சதும் தேங்கா எண்ணெய்க் கிண்ணத்தோட வந்து, கீலுக்கு விடுற மாதிரி ரெண்டு தோள்லயும் ரெண்டு சொட்டு விட்டு, கட்ட வெரலால தேச்சுக்கிட்டே, "நாளைக்கு வத்தக்கொழம்பு"ங்கும்.